பட்ட மரமும் உறவாயிற்று

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையில் உலாவச் செல்வோர், அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மரத்துண்டுகளைக் கண்டிருப்பர். உப்புநீரில் ஊறிப் பட்டையுரிந்து வெயிலில் வெளுத்த அவற்றை, அடுப்புக்கும் ஆகாதவை எனக் கடந்து செல்வதே நம் வழக்கம். அத்தகைய கட்டைகளிலே உயிரையும் உறவையும் கண்ட கலைஞர் ஒருவர் வங்கத்தில் வாழ்ந்தார். அவரே அவனீந்திரநாத தாகூர்.

அவர் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவிலே, ஜொராசாங்கோத் தாகூர் குடும்பத்திற் பிறந்தார். கவியரசர் இரவீந்திரர் அவருக்குச் சிறிய தந்தை முறையினர். இளமையில் மேனாட்டாரிடம் ஓவியம் பயின்றாராயினும், அவருள்ளம் முகலாய நுண்ணோவியங்களையே நாடிற்று. அருமை மகளைப் பறிகொடுத்த துயரெல்லாம், ஷாஜகானின் இறுதிக் காலத்தைக் காட்டும் 1902ஆம் ஆண்டு ஓவியத்திற் படிந்தது. அடுத்த ஆண்டு வங்கம் வந்த யப்பானிய ஓவியர் தைக்கானிடமிருந்து, தாளை நீரில் நனைத்து வண்ணத்தை மென்மையாக்கும் முறையை அறிந்துகொண்டார்.

1905இல் ஹாவெல் என்பாரின் விருப்பப்படி கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியின் துணை முதல்வரானார். கொழும்பிற் பிறந்த கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமி அவருடைய நண்பர். குமாரசுவாமியும் நிவேதிதையும் இயற்றி 1913இல் வெளிவந்த புராணக்கதை நூலின் ஓவியங்கள் அவனீந்திரரின் மேற்பார்வையில் உருவானவை. சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் சமைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவர் மாணவரே.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. மாணவர் நந்தலால் போஸ், தவம் புரியும் உமையைத் தீட்டிக் கொணர்ந்தார். வண்ணம் குறைவு, சிறிது அணி செய்க எனப் பணித்தார் ஆசிரியர். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. தவத்தில் இருப்பவளுக்கு அணி எதற்கு என்ற எண்ணம் நெஞ்சை உறுத்தியது. பொழுது புலர்ந்ததும் மாணவரிடம் விரைந்தோடி, ஓவியத்தைத் தொடவேண்டாமெனத் தடுத்தார். கை நிற்கவேண்டிய இடத்தை அறிவதும் கலையே என்பதை அவர் அன்று உணர்ந்தார் எனலாம்.

அவ்வுணர்வு முதுமையிலே முழுமை பெற்றது. 1930இல் அராபியக் கதை ஓவிய வரிசையைத் தீட்டியபின், தூரிகை அவர் கையில் அருகியே அசைந்தது. தோட்டத்திற் கிடந்த உலர்ந்த கிளை, வேர், மூங்கிற்றுண்டு என்பவற்றைப் பொறுக்கலானார். கிளையின் வளைவிலே பறவையையும், வேரின் முடிச்சிலே விலங்கையும் கண்டார். சிறிதே செதுக்குவார், ஒன்றோடொன்று பொருத்துவார், அவ்வளவே. இயற்கை வைத்த கணுவையும் வெடிப்பையும் மழுக்கமாட்டார். அவற்றுக்குக் குட்டும் காட்டாம் எனப் பெயரிட்டார். குட்டும் என்றால் உறவினர். நம் குடும்பம் என்னும் சொல்லோடு உறவுடையது அச்சொல்.

யப்பானியரின் போன்சாய்க் கலையிலும் இந்நெறி உண்டு. சட்டியில் வளர்க்கும் சிறுமரத்தின் ஒரு கிளையைப் பட்டையுரித்துப் பட்டதாக்கி, நாரின் போக்கிலேயே கிழித்து, மலைக்காற்றில் நூற்றாண்டுகள் நின்றது போலக் காட்டுவர். சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சிய கரைசலைப் பூசி, அது மக்காமற் காத்து வெண்மையூட்டுவர். உளி பட்ட தடம் தெரிந்தால் வேலை தோற்றது. அங்கே பட்ட கிளை உயிருள்ள மரத்தோடு நிற்கும். அவனீந்திரர் கையிலோ முற்றும் பட்டதே மீண்டும் உயிர்த்தது.

1941ஆம் ஆண்டு, அவருடைய எழுபது வயது நிறைந்த அதே நாளில் இரவீந்திரர் மறைந்தார். பிறந்து வளர்ந்த வீடும் அக்காலத்திலேயே கைமாறிப் பின்னர் இடிக்கப்பட்டது. பராநகரில் வேறோர் இல்லத்திற் குடிபுகுந்த முதியவர், அங்கும் சுள்ளிகளைத் தேடினார். உற்றாரையும் ஊன்றிய மண்ணையும் இழந்தவருக்குப் பட்ட கட்டைகளே சுற்றமாயின. விசுவபாரதியின் வேந்தராயிருந்த காலத்தும் அப்பற்று நீங்கவில்லை. 1951 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

புகழ் தந்த தூரிகையினும், பயனற்றவை எனப் பிறர் எறிந்த சுள்ளிகளிலேயே அவருடைய கலையுள்ளம் தெளிவாகப் புலப்படுகின்றது. வகுப்பறையிலும் நாம் பட்டவையெனத் தள்ளும் சில கிளைகள் உண்டு. அவற்றைச் சீவிச் சமனாக்க உளியெடுக்குமுன், உள்ளே இருக்கும் உருவை நோக்குதல் நம் கடன். வெள்ளவத்தைக் கரைக்கு அடுத்தமுறை செல்லும்போது, காலடியிற் கிடக்கும் கட்டையைச் சற்றுக் குனிந்து பார்ப்போமாக.