சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரலாறு

நம் சங்கத்தின் திங்களிதழில் இதுகாறும் புலவர், அடியார், அரசர், வள்ளல் முதலியோர் வரலாறுகள் பல வெளிவந்துள்ளன. இத்திங்கள் நாம் எழுதப் புகுந்தது அயர்லாந்து தேசத்திற் பிறந்த ஓர் எஞ்சினீயருடைய வரலாறு. நம் மரபினர்க்கும் அவருக்கும் யாது தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். கடற்கரையில் மணல் நடக்கின்றது என்னும் உண்மையைச் சென்னையில் அளந்து ஆராய்ந்து எழுதி வைத்தவர் அவர். வயிற்றின் பொருட்டன்றிக் களிப்பின் பொருட்டுச் சிறு படகுகளை உடைமையாகக் கொண்டு பாய்விரித்து ஓட்டுவார்க்கெனச் சென்னையில் ஒரு கழகம் கண்டவரும் அவரே. இவ்விரண்டும் கனகசெட்டிக்குளத்துக் கரையில் நிற்கும் நமக்குப் பயன்படாத செய்திகள் அல்ல. கணித மேதை இராமாநுஜன் சரித்திரத்தைப் படித்தோர் அவர் பெயரை முன்னமே கேட்டிருப்பர்.

பிரான்சிஸ் ஜோசப் எட்வர்டு ஸ்பிரிங் 1849-ஆம் ஆண்டிற் பிறந்தார். டப்ளின் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியிற் பயின்று, 1870-இல் இந்திய அரசாங்கத்தின் எஞ்சினீயர் உத்தியோகத்தில் அமர்ந்தார். முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர் உழைத்தது பெரும்பாலும் இருப்புப்பாதைகளிலும் அவற்றைத் தாங்கும் பாலங்களிலுமாம். வடநாட்டு ஆறுகள் ஒரு வழியில் நில்லாதவை. இவ்வாண்டு பாலத்தின் கீழ் ஓடும் நீர் மறு ஆண்டு பாலத்தை விட்டு விலகி வயலில் ஓடும். அவ்வாறுகளை இருபுறமும் கரையெடுத்து நெறிப்படுத்தும் முறையைக் குறித்து அவர் 1903-இல் ஒரு நூல் வெளியிட்டார். நீரை எதிர்த்து நின்று தடுப்பதினும் அதன் இயல்பை அறிந்து வழிகாட்டுதலே தக்கது என்னும் கருத்தின்மேல் எழுந்த முறை அது. ஆற்றிற் கற்ற இப்பாடம் பின்னர்க் கடலில் அவருக்குத் துணையாயிற்று.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் அலையைக் கடந்து கரைசேர்தல் மசூலாப் படகினாலும் கட்டுமரத்தினாலுமே ஆகும். ஆணி அறையாமல் கயிற்றினால் தைத்த பலகைப் படகு, அலை மோதும்போது ஒடியாமல் நெகிழ்ந்து கொடுக்கும். நம் புதுவையிலும் சலங்கு என்னும் படகு இத்தொழிலையே செய்தது. அக்காலத்தில் கவர்னரே ஆயினும் நம்மவர் துடுப்பை நம்பியே கரையில் கால்வைத்தார். 1861-இல் சென்னையில் இரும்புத் தூண்களின்மேல் ஓர் இறங்குபாலம் கட்டினர். 1875-இல் எட்வர்டு இளவரசர் அடிக்கல் நாட்ட, அதன்பின் இரண்டு கற்சுவர்கள் கடலுள் நீண்டன. 1881 நவம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயல் அச்சுவர்களிற் பெரும் பகுதியைப் புரட்டிவிட்டது. மீட்டும் கட்டி முடித்தபோது வாயில் நேர் கிழக்கு நோக்கி அமைந்தது. அவ்வாயில் வழியே அலை உட்புகுந்தது, மணலும் உட்புகுந்தது. துறைமுகம் என்பது பெயரளவேயன்றி, வாடைக் காலத்தில் கப்பல்களுக்கு அமைதி அங்கில்லை.

இந்நிலையில் 1904-இல் ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தின் தலைமையை ஏற்றார். வயது ஐம்பத்தைந்து, ஓய்வு பெற்று ஊர் செல்லும் பருவம். பதினைந்தாண்டுகள் அவ்வேலையில் இருந்தார். கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் வேறு வாயில் திறந்து, அதனைக் காக்கக் கைபோல் நீண்ட சுவரொன்றும் எழுப்பினார். 1911-ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவேறிற்று. உள்நீர் அடங்கியது, கப்பல்கள் சுவரோரமாக நின்று சரக்கிறக்கத் தொடங்கின. மசூலாப் படகோட்டிகளின் பிழைப்பு இதனால் ஒழிந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். துறைமுகத்தைப் போற்றி எழுதுவோர் பலர் அப்படகோட்டிகளை மறந்துவிடுகின்றனர். அவர்கள் நம் உறவினர் ஆதலின் நாம் மறத்தற்கில்லை.

இனி மணலைக் குறித்துச் சிறிது விரித்துரைப்போம். சோழகக் காற்று வீசும் திங்கள்களில் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையிற் படும். அங்ஙனம் படும் ஒவ்வோர் அலையும் மணலைச் சிறிது வடக்கே நகர்த்தும். வாடைக் காலத்தில் இது மாறித் தெற்கே நகரும். வடக்கே நகரும் காலம் நீண்டது; தெற்கே நகரும் காலம் குறுகியது. ஆகவே கணக்கு நேர்செய்து பார்க்குமிடத்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டன் மணல் வடக்கு நோக்கியே செல்கின்றது. நம் மீனவர் தெற்கிலிருந்து ஓடும் நீரைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து ஓடுவதை வன்னி என்றும் வழங்குவர். கல்லாதார் எனப்பட்டோர் வாய்மொழியில் இருந்த அறிவையே ஸ்பிரிங் கருவிகொண்டு அளந்து கணக்காக்கினார் எனல் மிகையன்று. சுவர் கடலுள் நீண்டவுடன் வடக்கே சென்ற மணல் அதன் தென்புறத்தில் தடைப்பட்டுக் குவிந்தது. கோட்டை மதிலுக்கு அணித்தாயிருந்த கடல் விலகிப் போயிற்று. இன்று ஊரார் உலாவும் மெரீனாவின் அகன்ற மணற்பரப்பு இவ்வாறு வளர்ந்ததே. வடபுறத்திலோ வரவேண்டிய மணல் வாராமையின் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிற் கரை கரைந்தது. ஒரு கரைக்கு வரவு, மறுகரைக்குச் செலவு. 1913-ஆம் ஆண்டளவில் சென்னைத் துறைமுகத்தருகே நிகழும் இம்மணற் செலவைக் குறித்து லண்டன் சிவில் எஞ்சினீயர்கள் கழகத்துக்கு ஸ்பிரிங் ஒரு கட்டுரை விடுத்தார். தாம் காக்கும் துறைமுகமே கரையை மாற்றுகின்றது என்பதனை மறையாது எழுதிய நேர்மைக்காகவே அவரை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

வாயில் மாறி உள்நீர் அடங்கிய அந்த 1911-ஆம் ஆண்டிலேயே அவர் பாய்ப்படகுக் கழகத்தை நிறுவினார். அதுவே பின்னர் இராயல் என்னும் அடைமொழி பெற்று, மதராஸ் யாட் கிளப் என வழங்குவது. ஸ்பிரிங் துரைக்குப் பாய்ப்படகில் இளமை தொட்டு விருப்பு இருந்தது போலும். அலைமிகுந்த சென்னைக் கடலிற் சிறுபடகை விளையாட்டாக இறக்குதல் அதற்குமுன் இயலாதிருந்தது. சுவருக்குள் அடைபட்ட நீர் அதற்கு இடந்தந்தது. இத்தகைய கழகங்களின் ஒழுங்கு அறியத்தக்கது. படகு உறுப்பினர் ஒருவருக்கோ கழகத்துக்கோ சொந்தமாக இருக்கும். நிறுத்தும் இடமும் காவலும் பொது, செலவுக்குத் திங்கட்சந்தா. ஒரே அளவும் ஒரே பாயும் உடைய படகுகளைப் பந்தயத்தில் விடுவர். அப்போதுதான் பணமுடையான் வெல்லாமல் திறமுடையான் வெல்வான். வலப்புறத்திற் காற்றை வாங்கி வரும் படகுக்கு இடப்புறத்தில் வாங்கி வருவது வழிவிடல் வேண்டும் என்பது சட்டம். இதனைப் படித்தபோது, முதலில் வலையிட்டவனுக்குக் குறுக்கே மற்றவன் வலையிடலாகாது என்னும் நம் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டுப்பாடு நம் நினைவுக்கு வந்தது. நம்மிடத்திலும் மரம் ஒருவருடையது, உழைப்பு பலருடையது, பங்கு யாவர்க்கும் உண்டு. வேறுபாடு யாதெனின், அவர்கள் காற்றடித்தால் கரையிலிருக்கலாம். நாம் இருத்தல் அரிது.

தூண்டிலிடுதலையும் ஆங்கிலேயர் இவ்வண்ணமே பொழுதுபோக்காகக் கொண்டனர். தென்கன்னடத்திற் கலெக்டராயிருந்த எச். எஸ். தாமஸ் என்பார் 1873-இல் இந்தியாவில் தூண்டிலிடுதலைக் குறித்தே ஒரு நூல் இயற்றினார். அமெரிக்காவிலே கலிபோர்னியாவை அடுத்த கேட்டலினாத் தீவில் சார்லஸ் ஹோல்டர் என்பவர் 1898-இல் 183 பவுண்டு எடையுள்ள சூரை மீனைக் கோலும் நூலும் கொண்டு பிடித்து, அவ்வாண்டே அதற்கெனக் கழகமும் கண்டார். மீனுக்கும் தப்ப வாய்ப்பிருத்தல் வேண்டுமென்று மெல்லிய நூலையே பயன்படுத்தல் அக்கழகத்தின் விதி. நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம், நெடுநேரம் நகைத்தார்.

ஆயினும் நகைப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. உலகெங்கும் உள்ள படகுக் கழகங்களில் இன்று இரட்டை உடலுடைய விரைவுப் படகைக் கட்டமரான் என்கின்றனர். அது நம் கட்டுமரம் என்னும் சொல்லே. மரங்களைச் சேர்த்துக் கட்டி, கரைசேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தும் நம் கட்டுமரம் வேறு. பெயர் மட்டுமே கடல்கடந்து சென்றது. ஹெரஷாப் என்னும் அமெரிக்கர் 1876-இல் அத்தகைய இரட்டைப் படகொன்றைச் செய்து நியூயார்க்குப் பந்தயத்தில் மற்றவற்றை வென்றார். வென்றதன் பின் அதனைப் பந்தயத்துக்கு ஏலாதது என்று விலக்கிவிட்டனர். ஸ்பிரிங் நிறுவிய கழகமோ தொடக்கத்தில் ஐரோப்பியருடையதாகவே இருந்தது. கட்டுமரத்தின் சொல்லை ஏற்ற உலகம் கட்டுமரத்தானை உள்ளே அழைக்க நெடுங்காலம் ஆயிற்று. இதனைக் குறையாகவே கூறுகின்றோம். ஸ்பிரிங் ஒருவர்மேல் ஏற்றுதற்கன்று, அக்காலம் அத்தகையது.

அக்காலத்து வரம்பை அவர் கடந்தமைக்கு ஒரு சான்று உண்டு. 1912 மார்ச்சு முதல் நாளன்று முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகக் கணக்கு அலுவலகத்திற் குமாஸ்தாவாக இராமாநுஜன் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தவறியவர், வறியவர். தலைமைக் கணக்கராயிருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவராதலின் அவருடைய ஆற்றலை உணர்ந்து ஸ்பிரிங்குக்கு எடுத்துரைத்தார். கணிதத்தின் அந்நுட்பங்கள் ஸ்பிரிங்குக்கு விளங்கினவல்ல. விளங்காததைப் புறக்கணித்தல் அதிகாரிகளுக்கு எளிது. அவரோ விளங்கியவர்களைத் தேடினார். எஞ்சினீயரிங் கல்லூரி ஆசிரியர் கிரிபித்தோடு கடிதம் எழுதி ஆராய்ந்தார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவியளித்தபோது இராமாநுஜனை அலுவலிலிருந்து விடுவித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் கவர்னரின் காரியதரிசிக்கு எழுதி, இங்கிலாந்து செல்லும் செலவுக்கு அரசாங்கத்தின் இசைவை வேண்டினார். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் இராமாநுஜன் கப்பலேறியது, ஸ்பிரிங் செப்பனிட்ட அத்துறைமுகத்திலிருந்தே.

1919-இல் ஸ்பிரிங் பதவி விடுத்தார், 1933-இல் காலமாயினார். சென்னைத் துறைமுகத்தில் ஸ்பிரிங்ஹேவன் என்னும் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் கண்ட கழகம் இன்றும் அங்கே உள்ளது. இந்தியரே அதனை நடத்துகின்றனர்.

இனி நம் கரைக்கு வருவோம். புதுவையில் 1866-இல் அமைந்த இரும்புப் பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது. அது தூண்களின்மேல் நின்றதாதலின் மணல் அதனடியிற் புகுந்து சென்றது. கரைக்கு ஊறு பெரிதில்லை. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்றுமுகத்தில் கருங்கற் சுவர்கள் கடலுள் எழுந்தன. பின் நிகழ்ந்தவை நாம் கண்ணாரக் கண்டவை. நகரத்து மணற்கரை மறைந்து கருங்கற் குவியலாயிற்று. கல்லிட்ட இடத்தைக் கடல் விட்டு, அதற்கு வடக்கே உள்ள அடுத்த குப்பத்தைப் பற்றியது. அங்கும் கல்லிட்டனர், அதற்கும் வடக்கே சென்றது. இவ்வாறு பிள்ளைச்சாவடி வரையில் வீடுகள் இடிந்தன. 2018-க்குப் பின் நகரக் கடற்கரையில் நீருக்குள் ஒரு தடுப்பமைத்துச் சிறிது மணலை மீட்டனர். அது நகரத்துக்கு நன்று. காலாப்பட்டுக்கு வடக்கே கடைசியிலிருக்கும் நமக்கு அதனால் யாது விளையும் என்பதை அளந்து பார்த்தாலன்றிச் சொல்லுதல் இயலாது.

சென்ற திங்கள் நம் பள்ளி மாணவன் ஒருவன், தன் பாட்டனார் மரம் உலர்த்திய மேடு எங்கே என்று நம்மை வினவினான். அலைக்குள் கைகாட்டினோமேயன்றி, எத்தனை முழம் போயிற்று என்று நம்மாற் சொல்லக் கூடவில்லை. நம் ஊரில் பலர் வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுக் காலத்துப் பழம்பத்திரங்கள் உள்ளன. அவற்றுள் கிழக்கெல்லை கடல் என்றும் இடையிலுள்ள நிலம் இத்தனை என்றும் எழுதப்பட்டிருப்பவை உளவாயின், உரியவர் அவற்றை அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொணர்க. படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். வருகிற சோழகக் காலம் தொடங்குமுன் கோயில் வாசற்படியிலிருந்து நீர்க்கோடு வரையில் கயிறு பிடித்து அளக்க மேல்வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். கடலறிந்த பெரியவர் இருவர் உடன்வருதல் வேண்டும்.