ஒரு கை, ஒரு கேமரா, ஒரு நகரம்

கேமரா வாங்கின புதுசுல நாம எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, நல்ல ஸ்பாட் எங்கே இருக்கு என்பதுதான். இதே கேள்விக்கு ஒரே ஊரில் ஐம்பது வருஷம் விடை தேடினவர் ஒருத்தர் இருக்கார். பெயர் யோசப் சூடெக். ஊர், செக் நாட்டுத் தலைநகர் பிராக்.

1896இல் கோலின் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். சூடெக் கற்றுக்கொண்ட தொழில் புத்தகம் பைண்டிங் செய்வது. முதல் உலகப்போர் வந்தது, ராணுவத்தில் சேர்த்து இத்தாலி எல்லைக்கு அனுப்பினார்கள். 1917இல் அங்கே குண்டடி பட்டு, வலது கையையே எடுக்க வேண்டியதாப் போச்சு. பைண்டிங் வேலைக்கு ரெண்டு கையும் வேணுமே! இருபத்தொரு வயசில் தெரிந்த ஒரே தொழிலும் போயிற்று.

போட்டோ எடுப்பது அதுவரை அவருக்குப் பொழுதுபோக்கு. அதையே பிழைப்பாக்க முடிவு செய்து, 1922இல் பிராக்கின் அரசு கிராஃபிக் கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த முதல் பெரிய ஸ்பாட், செயின்ட் வைட்டஸ் பேராலயம். 1344இல் தொடங்கின கட்டடம், அப்போதுதான் முடியும் கட்டத்தில் இருந்தது. எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, இவர் உள்ளே போனார். கொட்டிக் கிடந்த கல், மரச்சாரம், கொத்தனார்களின் சாமான், அதன்மேல் ஜன்னல் வழியா சாய்ந்து விழுகிற வெயில். இதையெல்லாம் வருஷக்கணக்கில் படமாக்கினார். அதிலிருந்து 15 படங்கள் 1928இல் தொகுப்பாக வந்தன.

நடுவில் 1926இல் இசைக்குழு நண்பர்களோடு இத்தாலிக்குப் போனார். பாதியில் அவர்களை விட்டுவிட்டு, கையை இழந்த இடத்தைத் தேடிப் போய்விட்டார். இடம் கிடைத்தது, கை கிடைக்குமா? ஏறக்குறைய ரெண்டு மாசம் கழித்துத்தான் பிராக் திரும்பினார். அதற்குப் பிறகு அவருக்கு வெளிநாட்டு ஆசையே விட்டுப்போச்சு.

1939இல் ஜெர்மானியப் படை பிராக்கைப் பிடித்தது. தெருவில் பெரிய கேமராவை நிறுத்தினாலே சந்தேகம் வரும் காலம். வெளியே போக முடியலையா, சரி, தன் ஸ்டுடியோ ஜன்னலையே ஸ்பாட் ஆக்கிக்கொண்டார். பெட்ரின் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மரக் கொட்டகைதான் அந்த ஸ்டுடியோ. கண்ணாடியில் வழியும் மழைத்துளி, படிந்த பனி, வெளியே வளைந்து நிற்கும் ஒரு மரம். அதே ஜன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு படம் போல இன்னொன்று இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என்லார்ஜ் செய்வதையும் நிறுத்தினார். நெகட்டிவை நேரடியா காகிதத்தில் வைத்து அதே அளவில் பிரிண்ட் போடுவது. அப்படியானால் படம் பெரிசா வேணும்னா நெகட்டிவும் பெரிசா இருக்கணும், கேமராவும் பெரிசா இருக்கணும். அந்தக் கனமான பெட்டியையும் ஸ்டாண்டையும் ஒற்றைத் தோளில் சுமந்து மலையேறினார்.

பிறகு 1899ஆம் ஆண்டுக் கோடக் பனோரமா கேமரா ஒன்று கையில் கிடைத்தது. லென்ஸ் பக்கவாட்டில் சுழன்று, 10 செ.மீ. உயரம், 30 செ.மீ. நீளத்துக்கு ஒரே நெகட்டிவில் காட்சியைப் பதிக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வல்டாவா ஆற்றங்கரை, பாலங்கள், பெட்ரின் சரிவு என்று ஊரைச் சுற்றினார். டூரிஸ்ட் எட்டிப்பார்க்காத புறநகர்ப் பொட்டல்களையும் விடவில்லை. 284 படங்களோடு 1959இல் வந்த 'பனோரமா பிராக்' புத்தகம் இன்றைக்கும் அந்த ஊரைப் பார்க்க நல்ல வழிகாட்டி.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டகை நிறைய இசைத்தட்டுகள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இசை கேட்பார். 1976 செப்டம்பரில், எண்பது வயதில் காலமானார்.

இன்றைக்கு பிராக் போகிறவர்கள் சார்லஸ் பாலத்தில் விடியற்காலையிலேயே ஸ்டாண்டோடு இடம் பிடிக்கிறார்கள். சூடெக்கும் அந்தப் பாலத்தை எடுத்தவர்தான். ஆனா ஒரு இடத்துக்கு ஒருதரம் போயிட்டு வந்தா போதும்னு அவர் நினைக்கலை. வெளிச்சம் சரியில்லையா, பெட்டியை மூடிக்கிட்டு இன்னொரு நாள் திரும்ப வருவார். அடுத்த போட்டோ வாக் கிளம்புறதுக்கு முன்னாடி, நம்ம ஹாஸ்டல் ஜன்னலையும் ஒருதடவை நின்னு பார்த்துட்டுப் போகலாம்.