பெற்றோர் அதிகாரமும் பெஸண்ட் அம்மையாரும்

பிள்ளையை அடிக்கும் பெற்றோரைச் சட்டம் தடுக்கலாமா என்று கேட்டால், வீட்டுக்குள் ஸர்க்காருக்கு என்ன வேலை என்று பலர் சீறுகின்றனர். அவர்கள் அன்னி பெஸண்ட் அம்மையாரின் சரித்திரத்தை நோக்குவார்களாக. ஹோம்ரூல் இயக்கத் தலைவியாகவும், 1917-ம் வருஷத்துக் கல்கத்தா காங்கிரஸின் அக்கிராசனராகவும் அவரை நாடறியும். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்னும் வழக்கில் அவர் இருமுறை கோர்ட்டேறியதை அறிந்தோர் சிலரே.

1847-ல் லண்டனில் பிறந்த அம்மையார், 1867-ல் பிராங்க் பெஸண்ட் என்னும் பாதிரியாரை மணந்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றார். மத நம்பிக்கை தளர்ந்ததனால் 1873-ல் கணவரைப் பிரிந்தார். மகன் தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் தங்கினர். கர்ப்பத்தடை பற்றிய நூலொன்றைப் பிராட்லாவுடன் வெளியிட்டு 1877-ல் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மறுவருஷம், அந்நூலையும் நாஸ்திகத்தையும் காரணங்காட்டி, சிறுமி மேபலைக் கோர்ட்டு தாயிடமிருந்து பறித்துத் தந்தையிடம் கொடுத்தது. வயது வந்ததும் மக்கள் இருவரும் தாயையே நாடி வந்தனர்.

1893-ல் இந்தியா வந்த அம்மையார், 1898-ல் காசியில் மத்திய ஹிந்து கலாசாலையை நிறுவினார். 1907-ல் பிரம்மஞான சங்கத் தலைவரானார். தெற்கே மாமல்லபுரம் நோக்கி நீளும் கடற்கரையின் அடையாற்றுப் பகுதியில், 1909-ல், சங்கத்தில் வேலைபார்த்த நாராயணையாவின் மகன் கிருஷ்ணமூர்த்தி லெட்பீட்டரின் கண்ணில் பட்டார். தாயை இழந்த அப்பிள்ளை, மந்தபுத்தி என்று பள்ளியில் பிரம்படி பட்டுவந்தவர். அவரையும் தம்பி நித்தியானந்தரையும் வளர்க்கும் பொறுப்பை 1910-ல் தந்தை அம்மையாருக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு, லெட்பீட்டரின் சேர்க்கை பிள்ளைகளுக்கு ஆகாதென்று அஞ்சி, 1912-ல் செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. அம்மையார் வக்கீலின்றித் தாமே வாதாடி, 1913-ல் தோற்றார்.

1914-ல் பிரிவி கவுன்ஸில் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. இங்கிலாந்தில் படிக்கச் சென்ற பிள்ளைகள் செங்கற்பட்டு ஜில்லாவாசிகள் அல்லராதலால் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்றது. தந்தையின் ரக்ஷக பதவி புனிதமான நம்பிக்கைப் பொறுப்பு என்றும், பிள்ளைகளின் நலனோடு அவர்கள் விருப்பமும் அறியப்பட வேண்டும் என்றும் கூறிற்று. அம்மையார் 1933-ல் அடையாற்றில் காலமானார்.

இச்சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் உள. பிள்ளை பெற்றோரின் சொத்தன்று. பொறுப்பை ஒப்படைத்த சட்டம் அதன் எல்லையையும் வகுக்கலாம். ஆனால் வீட்டினுள் புகும் சட்டம் தாயையும் சேயையும் பிரித்து அநீதியும் செய்யலாம். மேபலே அதற்குச் சாக்ஷி.

பள்ளியில் உடல் தண்டனையை 2009-ம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் விலக்கிவிட்டது. வீட்டிலோ, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்கென்று ரக்ஷகர் நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமாகாதென்று 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 89-வது பிரிவு கூறியது. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது 27-வது பிரிவாக நிற்கிறது. அடிக்கும் கை இதன் நிழலில் ஒதுங்குகிறது. ஸ்வீடன் தேசம் 1979-ல் உலகில் முதன்முதலாக வீட்டடியை விலக்கியபோது, அவ்விதிக்கென்று தனித் தண்டனை எதுவும் வைக்கவில்லை. இது ஆகாதென்று பெற்றோர் சட்டத்தில் தெளிவாக எழுதிற்று. நமக்கும் அவ்வழியே உசிதம். பெற்றோரைச் சிறைக்கனுப்புவதன்று நோக்கம். மாட்டுக்குச் சொன்ன பழமொழியை மகனுக்குச் சொல்லாதபடி செய்வதே. பிரம்பு உபாத்தியாயர் கையில் குற்றமானால், தகப்பனார் கையில் மட்டும் எங்ஙனம் தருமமாகும்?