பாக்குக்கு நீல மருந்து கொண்டுவந்த கனடாக்காரர்: 100 ஆண்டு தாண்டியும் அது எப்படி வேலை செய்கிறது?

அந்தமானில் மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். தென்னையோடு சேர்ந்து அங்குள்ள பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது பாக்கு. இப்படி ஈரம் காயாத ஊர்களில் பாக்குக்கு உள்ள பெரிய பயம் காய் அழுகல் நோய். காய் பழுக்கும் முன்பே அழுகி, வெள்ளைப் பூசணம் படிந்து, கொத்துக் கொத்தாகக் கீழே கொட்டிவிடும்.

இதைத் தடுக்க பாக்கு விவசாயிகள் இன்றும் நம்பியிருப்பது போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான். இதைப் பாக்குத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பலன் தரும் என்று காட்டியவர் லெஸ்லி சார்லஸ் கோல்மன். அவர் வேலை பார்த்தது அந்தமானில் அல்ல, பழைய மைசூர் சமஸ்தானத்தில். ஆனால் அவர் கண்டுபிடித்த பாடம் பாக்கும் மழையும் சேர்ந்திருக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

யார் இந்த கோல்மன்?

1878-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். டொரன்டோவில் படித்துவிட்டு, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1908-ல் மைசூர் அரசு அவரை வேலைக்கு அழைத்தபோது வயது 30. பயிரைத் தின்னும் பூச்சி, பயிரை அழுகவைக்கும் பூஞ்சை, இரண்டையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று இது இரண்டு துறைகளின் வேலை! தக்காணத்தில் சோளப் பயிரை நாசம் செய்த சிறகில்லா வெட்டுக்கிளியையும் அவர் ஆராய்ந்தார். அந்த வெட்டுக்கிளி இனத்துக்கே அவர் பெயரை வைத்து 'கோல்மேனியா' என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள்.

பாக்கில் அவர் என்ன செய்தார்?

மலைநாட்டு விவசாயிகள் இந்த நோயை 'கொளே ரோகா' என்று கன்னடத்தில் சொல்வார்கள். அழுகல் நோய் என்று அர்த்தம். மழைக்கு முன் ஒவ்வொரு மரமாக ஏறி, குலைகளுக்குத் தொப்பி போல உறை கட்டுவது அவர்களின் பழைய வழக்கம். காயில் தண்ணீர் படாவிட்டால் அழுகாது என்ற அனுபவ அறிவு அது. ஆனால் செலவு அதிகம், மரமேறிகளுக்கு ஆபத்தும் அதிகம்.

கோல்மன் உடனே மருந்தைத் தேடி ஓடவில்லை. நோய்க்குக் காரணமான உயிரி எது, எப்படிப் பரவுகிறது என்று முதலில் பார்த்தார். அது 'ஃபைட்டோப்தோரா' வகையைச் சேர்ந்தது என்று கண்டு, 1910-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். இந்த வகைக் கிருமியின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்கு மழைச் சாரலே அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்படியென்றால் நோய் வந்தபிறகு மருந்தடித்துப் பயனில்லை, மழைக்கு முன்பே காய் மேல் ஒரு கவசம் இருக்க வேண்டும்.

அந்தக் கவசம் ஏற்கெனவே பிரான்சில் இருந்தது. போர்டோ பகுதியில் திராட்சைத் திருடர்களை விரட்ட, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் குறைவாக இருப்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-ல் அது போர்டோ கலவையாக உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் ஐரோப்பியத் தூறல் வேறு, நம்ம தென்மேற்குப் பருவமழை வேறு இல்லையா? அடைமழையிலும் கலவை காயில் ஒட்டிக்கொண்டிருக்க, பிசினும் சோடாவும் சேர்த்தார் கோல்மன். மழைக்கு முன் ஒருமுறை, சுமார் 40-45 நாள் கழித்து மறுமுறை என்பதுதான் இன்றைக்கும் பொதுவான பரிந்துரை.

பிறகு?

1913-ல் மைசூரின் முதல் வேளாண் இயக்குநர் ஆனார். பெங்களூரு ஹெப்பாளில் வேளாண் பள்ளி, 1925-ல் பாலேஹொன்னூரில் காபி ஆராய்ச்சி நிலையம், மண்டியாவில் கரும்பும் சர்க்கரை ஆலையும் என்று அவர் கை பட்ட இடங்கள் பல. 1934-ல் ஓய்வுபெற்று கனடா திரும்பியவர், 1954-ல் காலமானார்.

புது மருந்துகள் தோற்றபோது இது ஏன் தோற்கவில்லை?

இதற்கான விடை கோல்மன் காலத்தில் யாருக்கும் தெரியாது. அது மரபணுவில் இருக்கிறது.

செம்பு, கிருமியின் ஒரே ஒரு புரதத்தை அல்ல, பல புரதங்களை ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஒரு மரபணு மாறினால் மட்டும் தப்பிக்க முடியாது. நவீன மருந்துகள் பெரும்பாலும் ஒரே இலக்கைக் குறிவைப்பவை. ஃபைட்டோப்தோராவுக்கு எதிராக 1977-ல் வந்த மெட்டலாக்ஸில் அப்படிப்பட்டது. 1980-லேயே அயர்லாந்து உருளைக்கிழங்கு வயல்களில் அதற்கு அடங்காத கிருமிகள் வந்துவிட்டன.

சில நேரம் இலக்கே மாற வேண்டியதில்லை, மரபணுவின் 'வால்யூம்' கூடினாலே போதும். ஆரஞ்சுப் பழத்தில் பச்சையாகப் படரும் பெனிசிலியம் பூஞ்சை இதற்கு நல்ல உதாரணம். அதன் செல் சவ்வுக்குத் தேவையான ஒரு நொதியை முடக்குவதுதான் இமாசலில் என்ற மருந்தின் வேலை. மருந்துக்கு அடங்காத வகைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்த்தபோது, நொதியின் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் 126 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று 5 முறை வரிசையாக இருந்தது. மருந்துக்கு அடங்கும் வகையில் அது ஒரே முறைதான் இருக்கும். 2000-ல் வெளியான அந்த ஆய்வின்படி, எதிர்ப்பு வகையில் அந்த மரபணு சுமார் 100 மடங்கு அதிகமாக இயங்கியது. மருந்து எவ்வளவு நொதியை முடக்கினாலும் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம். ஃபைட்டோப்தோரா பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உண்மையில் பூஞ்சை அல்ல, பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு கூட்டம். இமாசலில் தாக்கும் அந்த நொதியே அதனிடம் வேலையில் இல்லை. எனவே ஆரஞ்சைக் காக்கும் மருந்தைப் பாக்குக்கு அடித்தால் காசுதான் வீண். எதிரி யார் என்று முதலில் பார்த்த கோல்மனின் முறை எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரிகிறது.

அப்படியானால் செம்பே போதுமா?

போதாது. செம்பு மக்கிப் போகாது, மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. செம்பைத் தாங்கும் பாக்டீரியாக்களும் வந்துவிட்டன. விழுந்த காய்களைப் பொறுக்கி அழிப்பது, தோட்டத்தில் தண்ணீர் தேங்காமல் வடிப்பது, தேவைக்கு மேல் மருந்தடிக்காமல் இருப்பது எல்லாம் சேர்ந்தால்தான் நீல மருந்து இன்னும் பல காலம் நிற்கும்.

தீவில் இருக்கும் ஒரு பாக்கு விவசாயிக்கு இது வெறும் வரலாறு இல்லை. ஒரு மழைக்காலம் தவறினால் ஒரு வருஷ வருமானம் மண்ணில் கிடக்கும். மேகம் கறுக்கும் முன் மரமேறியைக் கூப்பிட வேண்டும் என்பதை 1910-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் கோல்மன்.