பாட் ரேட்டுக்குள் ஒரு தந்தி ஆபரேட்டர்

சீரியல் போர்ட் செட்டிங்கில் 9600 என்று போடுகிறோமே, அந்த 'பாட்' ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. எமில் போதோ, பிரான்ஸ்காரர். நம்மள மாதிரி இன்ஜினியரிங் எல்லாம் படிக்கல. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது.

1845-ல் மாக்னோ என்ற கிராமத்தில் விவசாயி மகனாகப் பிறந்தார். 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே பிரஷ்யாவோடு போர். ராணுவத்துக்குப் போய்விட்டு அதே வேலைக்குத் திரும்பினார்.

அப்போது ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் செய்தி அனுப்புவார். மனுஷன் கை மெதுவானது. கம்பி பாதி நேரம் சும்மா கிடக்கும். பல பேர் அதைப் பங்கு போட்டுக்க முடியுமா? துறையும் முயன்று பார்க்கச் சொன்னது, ஆனா ஆபீஸ் நேரத்தில் இல்லை, சொந்த நேரத்தில்!

மோர்ஸ் குறியீட்டில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நீளம். அதை வைத்து நேரத்தைச் சம துண்டாகப் பிரிக்க முடியாது. போதோ எல்லா எழுத்துக்கும் ஐந்தே துடிப்பு என்று வைத்தார். 32 சேர்க்கைகள், எழுத்திலிருந்து எண்ணுக்கு மாற்ற ஒரு ஷிப்ட். இரண்டே நிலைகளை ஐந்து இடத்தில் வைத்து எழுத்தைக் குறிக்கும் யோசனை பிரான்சிஸ் பேக்கன் காலத்திலேயே உண்டு. போதோவின் கெட்டிக்காரத்தனம் அதை ஓடும் இயந்திரமாக்கியதில்தான். இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் சுற்றும் பிரஷ், ஒவ்வொரு ஆபரேட்டரையும் முறை வைத்துக் கம்பியோடு இணைக்கும். டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் என்று நாம படிக்கிறதேதான்.

கீபோர்டில் ஐந்தே கட்டைகள், இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. தன் முறை வரும்போது கேட்கும் 'டிக்' சத்தத்துக்குத் தாளம் தப்பாமல் அழுத்தணும். பழகின ஆபரேட்டர் நிமிஷத்துக்கு 30 வார்த்தை அனுப்புவார்.

1874-ல் காப்புரிமை. 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். சொந்த வாழ்க்கை அவ்வளவு இரக்கம் காட்டல. 1890-ல் கல்யாணம், மூன்றே மாதத்தில் மனைவி இறந்துவிட்டார். அவருக்கும் உடம்பு சரியில்லாமலே இருந்தது. 1903-ல், 57 வயதில் காலமானார். அலகுக்கு அவர் பெயர் வைத்தது அதற்குப் பிறகு, 1926-ல்.

பழைய டெலிபிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்க கன்வெர்ட்டர் செய்கிறவர்களுக்கு இவர் இன்னமும் கூடவே வருவார். அந்த மெஷின்களில் 60 அல்லது 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப். கரண்ட் ஓடினால் 1, அறுந்தால் 0. சீரியல் போர்ட்டில் 1 என்பது மைனஸ் வோல்டேஜ், 0 என்பது பிளஸ். நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் வைத்துப் பிரித்தால்தான் போர்ட் பிழைக்கும். லூப்பில் இருக்கிற காந்தச் சுருளில் கரண்ட் சட்டென்று ஏறாது. அதனால் சிலர் 100 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, தொடரில் பெரிய ரெசிஸ்டர் போடுவார்கள். கை வைக்கும்போது ஜாக்கிரதை.

அதில் ஓடும் ஐந்து பிட் குறியீடு போதோவுடையது அப்படியே இல்லை, டொனால்ட் முர்ரே மாற்றி அடுக்கியது. ஆனாலும் எல்லாரும் போதோ கோட் என்றுதான் சொல்றாங்க. 8250 யூஆர்ட் சிப்பில் ஐந்து பிட், ஒன்றரை ஸ்டாப் பிட் என்று ஒரு விசித்திரமான ஆப்ஷன் இருக்கே, அது இந்த மெஷின்களுக்காகத்தான். 115200-ஐ 2535-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 45.45 பாட், மெஷின் தடதடவென்று அடிக்க ஆரம்பிக்கும்.