சின்னக் கைகளை நம்பியவர்

காலை எட்டு மணியானதும் எங்கள் வீட்டு விறாந்தையில் பதினொரு சோடிச் சின்னச் செருப்புகள் வரிசையாக இருக்கும். என் ராத்தா அங்கே ஒரு பாலர் வகுப்பு நடத்துகிறார். ஊரில் எல்லாரும் அதை மொண்டிசோரி என்றே சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது உயர்தர வகுப்புக்கு வந்த பிறகும் எனக்குத் தெரியாது.

சென்ற தவணையில் அந்த வகுப்பில் பதின்மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு நாள் ஒரு தாய் வந்து, மூன்று மாதமாகியும் தன் மகள் கொப்பியில் ஓர் எழுத்தும் எழுதவில்லை என்றும், தண்ணீர் ஊற்றவும் பாய் சுருட்டவும் வீட்டிலேயே பழக்கலாம் என்றும் சொல்லிப் பிள்ளையை நிறுத்திக்கொண்டார். அடுத்த கிழமை இன்னொரு பிள்ளையும் நின்றது. உண்மையைச் சொன்னால், அந்தத் தாய் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. அதே வகுப்பில் இருக்கும் என் நான்கு வயதுத் தம்பியை நான் ஒவ்வொரு பின்னேரமும் இருத்திவைத்து, அவன் கையைப் பிடித்து அகரம் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமைக்குள் அவன் பென்சிலைக் கண்டாலே ஓடி ஒளியத் தொடங்கினான். ராத்தா என்னோடு வாதாடவில்லை. மரியா மொண்டிசோரியின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு புத்தகத்தைத் தந்து வாசிக்கச் சொன்னார். அதில் நான் அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

மரியா 1870 ஆகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. படித்த பெண்ணுக்கு ஏற்ற தொழில் ஆசிரியத் தொழில்தான் என்று நினைத்த காலம் அது. மரியாவோ பதின்மூன்று வயதில் தொழினுட்பப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தார். பின்னர் வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாய் துணை நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் பிரேதப் பரிசோதனை படிப்பது முறையல்ல என்று கருதப்பட்டதால், எல்லாரும் போன பிறகு தனியாக நின்றே அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. 1896 இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

வைத்தியத் தொழில்தான் அவரைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் வேலை செய்தபோது, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் மனநோயாளர் விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அவர்களுக்குக் கையில் எடுத்து விளையாட ஒரு பொருளும் இல்லை. இவர்களுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்று அவர் முடிவு செய்தார். இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்த பிரெஞ்சு வைத்தியர்கள் இட்டார், செகுவேன் ஆகியோரின் நூல்களைப் படித்தார். தொட்டும் தூக்கியும் பொருத்தியும் பார்க்கக்கூடிய பொருள்களைச் செய்வித்துக் கற்பித்தார். எதற்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் சாதாரணப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தார்கள். எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவருக்கு வேறு கவலை. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடிந்தது என்றால், நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகளைப் பாடசாலைகள் எந்த அளவுக்குத் தடுத்து வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய துயரமும் உண்டு. 1898 இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தார். அன்றிருந்த சூழ்நிலையில் மகனைத் தன்னோடு வைத்து வளர்க்க அவரால் முடியவில்லை. பிள்ளை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்து, பதின்ம வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். ஊரார் பிள்ளைகளை அவ்வளவு பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தவர் தன் பிள்ளை வளர்வதைப் பார்க்கவில்லை என்ற இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி, ரோம் நகரின் சான் லொரன்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் அவர் முதலாவது பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே திருத்திக் கட்டப்பட்ட மாடி வீடுகளில் பெற்றோர் வேலைக்குப் போனதும், பாடசாலை வயதை அடையாத பிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கிப் பழுதாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வதே கட்டடக்காரர்களின் தேவை. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். பயந்து அழுகிறவர்களே அதிகம். பொறுப்பாக இருந்த பெண் ஆசிரியப் பயிற்சி பெற்றவரும் அல்லர்.

அந்த இல்லத்தின் ஒரு நாள் எப்படிப் போக வேண்டும் என்பதை மரியா 1909 இல் வெளியிட்ட தன் நூலில் நேரசூசியாகவே தந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்து வணக்கம் சொல்வார்கள். கை, நகம், காது, பல் சுத்தமா என்று பார்க்கப்படும். ஒருவருக்கொருவர் மேலாடை அணிய உதவி செய்வார்கள். அறையில் தூசி இருக்கிறதா, பொருள்கள் தம் இடத்தில் இருக்கின்றனவா என்று சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு முதல் நாள் நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பத்து மணிக்குப் பொருள்களைக் கையாண்டு கற்கும் நேரம். அதன் பின் உடற்பயிற்சி, சாப்பாடு, விளையாட்டு. பின்னேரம் களிமண் வேலையும் சித்திரமும். கடைசியாகச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்துவிட்டு நான்கு மணிக்கு வீடு திரும்புவார்கள்.

பெரியவர்களின் கதிரைகளையும் பாரமான வாங்குகளையும் நீக்கிவிட்டு, பிள்ளைகள் தாமே தூக்கக்கூடிய சின்னக் கதிரைகளை அவர் செய்வித்தார். கதிரை விழுந்தால் சத்தம் கேட்கும். தான் கவனமாக நடக்கவில்லை என்பதைப் பிள்ளை தானே அறிந்துகொள்ளும், ஆசிரியர் ஏசத் தேவையில்லை என்பது அவர் கருத்து. மதிய உணவு கொடுத்த இல்லங்களில் நான்கு வயதுப் பிள்ளைகளே சூடான சூப் பாத்திரத்தை ஏந்தி மேசை மேசையாகப் பரிமாறினார்கள்.

அவர் அதிகம் பேசவில்லை. பார்த்தார், பார்த்ததை எழுதி வைத்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலுள்ள துளைகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தும் அவள் திரும்பவில்லை. கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும் உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு, நித்திரையால் எழும்பியவள் போலச் சந்தோஷமாக நிமிர்ந்தாள். இன்னொரு நாள், பொருள்கள் இருந்த அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பொறுப்பானவர் வருவதற்கு முன் பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு அது களவாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு எது எங்கே இருக்கிறது, தமக்கு எது வேண்டும் என்பது தெரிந்துவிட்டது என்று மரியா விளங்கிக்கொண்டார். அதன் பின் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலுமாரிகள் வந்தன.

எழுத்து வந்த விதமே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சொரசொரப்பான மணல் கடதாசியில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, அவற்றை விரலால் தடவி ஓசையைச் சொல்லப் பழக்கினார். வேறு நேரத்தில், கோடுகளுக்குள் வண்ணம் தீட்டிப் பென்சில் பிடிக்கக் கை பழகியது. யாரும் யாரையும் எழுதச் சொல்லவில்லை. ஒரு குளிர்காலப் பகலில், மொட்டைமாடியில் புகைபோக்கியின் படத்தைச் சோக்கட்டியால் வரையச் சொன்னபோது, ஐந்து வயதுப் பையன் ஒருவன் படத்தை முடித்துவிட்டு, தன்பாட்டில் கை என்ற சொல்லை எழுதினான். தனக்கு எழுதத் தெரியும் என்று கத்தினான். மற்றவர்களும் ஓடி வந்து எழுதினார்கள். சில நாள்களில் தரையும் கதவும்கூட எழுத்தால் நிறைந்தன.

அதன் பின் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. 1915 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை அமைத்து, பிள்ளைகள் வேலை செய்வதை வெளியிலிருந்து மக்கள் பார்க்க வைத்தார். முசோலினியின் அரசு முதலில் அவரை ஆதரித்தது. பின்னர் முரண்பாடு வந்தது. இத்தாலியில் அவர் முறைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார். அங்கே 1936 இல் உள்நாட்டுப் போர் வெடித்ததால் நெதர்லாந்துக்குப் போனார்.

1939 இல், அறுபத்தொன்பது வயதில், மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானியர் மரியோவைத் தடுத்து வைத்தார்கள். மரியாவின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அவரை விடுவித்தார்கள். போர் முடியும்வரை அவர்கள் இந்தப் பக்கமே தங்கினார்கள். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் வரும் அந்தப் பெயருக்கு உரியவர் இந்த மண்ணில் நடந்தவர் என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. 1949 இல் கராச்சியிலும் பயிற்சி நடத்தினார். சமாதான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6 ஆம் திகதி நெதர்லாந்தில் தனது 81ஆவது வயதில் காலமானார்.

புத்தகத்தை முடித்த மறுநாள் எனக்குப் பாடசாலை இல்லை. விறாந்தையின் ஓரத்தில் இருந்து ராத்தாவின் வகுப்பைப் பார்த்தேன். பிள்ளைகள் ஸலாம் சொல்லி வந்தார்கள். நகத்தை நீட்டிக் காட்டினார்கள். நேற்று வீட்டில் நடந்ததைச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவரும் பாயை விரித்து வேலையை எடுத்தார்கள். என் தம்பி ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றினான். சிந்தியது. துணியை எடுத்துத் துடைத்தான். மீண்டும் ஊற்றினான். குவளையை அவன் பிடித்த விதத்தைப் பார்த்தபோதுதான், பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரல்கள் அங்கே பழகிக்கொண்டிருப்பது எனக்கு விளங்கியது. வீட்டில் அவனுக்காகக் குவளையை நிரப்பிக் கொடுப்பவள் நான்தான்.

அன்றிலிருந்து அவன் கையைப் பிடித்து எழுத வைப்பதை விட்டுவிட்டேன். அவனுக்கு இன்னும் அகரம் ஒழுங்காக வராது. ஆனால் பென்சிலைக் கண்டு ஒளிவதில்லை. நின்றுபோன இரண்டு பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அதே பயத்தில்தானே நானும் தம்பியை வதைத்தேன். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம் என்று அடிக்கடி சொல்கிறோம். அமானிதத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது என்று நான் நினைத்திருந்தேன். இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். கொப்பி வெறுமையாக இருந்தால், பிள்ளை அன்று என்ன செய்தது என்று ஒரு தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள்.