காத்திருக்கக் கற்ற நாய்கள்



உங்கள் வீட்டு நாய்க்குட்டியை 'வா' என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். 'உட்கார்' என்றால், ஒரு பிஸ்கட் துண்டுக்காக உட்கார்ந்தும்விடும். ஆனால், 'அங்கேயே இரு' என்று சொல்லிவிட்டு நான்கு அடி நடந்து பாருங்கள். பின்னாலேயே வந்து உங்கள் காலைச் சுற்றும்! ஓடி வருவதைவிட ஓடாமல் இருப்பதுதான் நாய்க்குக் கடினம்.

ஏன் அப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண நமக்கு உதவியவர் ஒரு ரஷ்ய விஞ்ஞானி. அவர் பெயர் இவான் பாவ்லோவ்.

ரஷ்யாவில் ரியாசான் என்ற ஊரில், 1849-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். சிறுவனாக இருந்தபோது உயரமான இடத்திலிருந்து கல் தரையில் விழுந்து, பாவ்லோவுக்குப் பலத்த அடிபட்டது. அதனால் 11 வயதுவரை அவரால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. மடாலயம் ஒன்றின் தலைவராக இருந்த அவருடைய ஞானத்தந்தை, சிறுவனைத் தன்னுடன் வைத்துப் பார்த்துக்கொண்டார். உடற்பயிற்சி, தோட்ட வேலை, புத்தகம் என்று பழக்கினார். நோஞ்சான் பிள்ளை மெல்லத் தேறினான்.

தந்தையைப் போலவே பாதிரியார் ஆவதற்குத்தான் பாவ்லோவ் முதலில் படித்தார். ஆனால், அறிவியல் நூல்கள் அவர் மனத்தை இழுத்தன. 1870-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு மருத்துவமும் படித்தார்.

1881-இல் திருமணம் ஆனது. வீட்டில் கடும் வறுமை. ஒருமுறை மாணவர்கள் சேர்ந்து அவருக்காகக் கொஞ்சம் பணம் திரட்டிக் கொடுத்தார்களாம். அவரோ அந்தப் பணத்தில் ஆய்வுக்கு வேண்டிய விலங்குகளை வாங்கிவிட்டாராம்! அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்.

உண்ட உணவு வயிற்றில் எப்படிச் செரிக்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார். அதற்காக நாய்களுக்கு நுட்பமான அறுவைச் சிகிச்சை செய்தார். இரண்டு கைகளாலும் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் அவர். அந்த நாய்களில் ஒன்றின் பெயர் துருஷோக். ரஷ்ய மொழியில் 'குட்டி நண்பன்' என்று பொருள். இந்த ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அதுதான்!

அந்த ஆராய்ச்சியின் நடுவே ஒரு விந்தை நடந்தது. வாயில் உணவு பட்டதும் உமிழ்நீர் சுரப்பது இயற்கை. ஆனால், அவருடைய நாய்களுக்கு உணவு கொண்டுவரும் ஆளைப் பார்த்தாலே உமிழ்நீர் ஊறியது. வேறொருவராக இருந்தால் விட்டுவிட்டிருப்பார். பாவ்லோவ் விடவில்லை.

ஒரு கருவியை 'டிக் டிக்' என்று ஒலிக்கச் செய்தார். உடனே உணவு கொடுத்தார். இப்படியே பலமுறை. பிறகு உணவு இல்லாமல் ஒலியை மட்டும் எழுப்பினார். என்ன ஆச்சரியம்! நாய்க்கு உமிழ்நீர் சொட்டியது. (பாவ்லோவ் என்றாலே மணி அடித்தார் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் டிக் டிக் கருவி, விளக்கு, தோலைத் தொடுதல் என்று பலவற்றையும் அவர் பயன்படுத்தினார்.) பிறக்கும்போதே இருப்பது அனிச்சைச் செயல். இதுவோ, பழக்கத்தால் வந்த புது அனிச்சைச் செயல். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இதை 'ஆக்கநிலையுறுத்தல்' என்று நாங்கள் படித்தோம்.

இனிதான் நம் கேள்விக்கு வருகிறோம். ஒலி தொடங்கி மூன்று நிமிடம் கழித்தே உணவு கொடுத்தால் என்ன ஆகும்? முதலில், ஒலி கேட்ட உடனேயே உமிழ்நீர் ஊறியது. நாள் செல்லச் செல்ல நாய் கற்றுக்கொண்டது. முதல் நிமிடத்தில் ஒரு சொட்டும் இல்லை. மூன்றாம் நிமிடம் நெருங்கும்போதுதான் ஊறத் தொடங்கியது.

அப்படியானால், அந்த முதல் நிமிடத்தில் நாயின் மூளை சும்மா இருந்ததா? இல்லை! அந்த நேரத்தில் புதிதாக ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் போதும், அடங்கியிருந்த உமிழ்நீர் சட்டென்று வழிந்தது. மூளை அதை அதுவரை பிடித்து நிறுத்தி வைத்திருந்தது என்று இதிலிருந்து பாவ்லோவ் கண்டார். காத்திருப்பது சோம்பல் அல்ல; அதுவும் ஒரு வேலை!

புதிய சத்தமோ புதிய முகமோ வந்தால், கற்ற பாடம் கலைந்துவிடும். மாணவர்கள் நாய்க்குப் பாடுபட்டுப் பழக்கியதைப் பார்க்கப் பாவ்லோவே அறைக்குள் வருவார். அவரைக் கண்டதும் நாய் எல்லாவற்றையும் மறந்துவிடும்! அதனால்தான் தடித்த சுவர்கள் கொண்ட தனிக் கட்டடம் ஒன்றையே கட்டினார்கள். அதற்கு 'மௌனக் கோபுரம்' என்று பெயர்.

இன்னொரு சோதனையைக் கேளுங்கள். வட்டத்தைக் காட்டினால் உணவு உண்டு; நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை. நாய் இதை எளிதாகக் கற்றது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் போலவே ஆக்கினார்கள். வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்தபோது, அதுவரை சாதுவாக இருந்த நாய் கத்தியது, கருவிகளைக் கடித்தது. முன்பு எளிதாகச் செய்ததும் அதற்கு மறந்துபோயிற்று. மறுபடி முதல் பாடத்திலிருந்து, மெதுவாகத் தொடங்க வேண்டியதாயிற்று. தாங்க முடியாத பாடத்தைத் திணித்தால் படித்ததும் போய்விடும். ஆசிரியர்களும் பெற்றோர்களும்கூட மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

ரஷ்யப் புரட்சிக்குப் பின் பஞ்சம் வந்தது. ஆய்வகத்தில் விளக்குக்கும் கணப்புக்கும் வழியில்லை. நாய்கள் பட்டினியால் செத்தன. பாவ்லோவ் தன் கையாலேயே காய்கறி பயிரிட்டார். 1921-இல் லெனின் கையெழுத்திட்ட ஓர் ஆணையால்தான் ஆராய்ச்சிக்கு உதவி கிடைத்தது.

அடுத்து வெள்ளம்! 1924 செப்டம்பர் 23. பாவ்லோவின் 75-ஆவது பிறந்தநாளுக்கு மூன்றே நாள் இருந்தது. லெனின்கிராட் நகருக்குள் தண்ணீர் புகுந்தது. கூண்டுகளில் நாய்கள் மூழ்கும் நிலை. கூண்டின் கதவோ கீழே, தண்ணீருக்குள்! பணியாளர்கள் நாய்களின் தலையைத் தண்ணீரில் அமிழ்த்தி வெளியே இழுத்து, நீந்த வைத்துக் காப்பாற்றினார்கள். உயிர் பிழைத்த நாய்களில் சில, கற்றதை எல்லாம் மறந்திருந்தன. பொறுமையாகப் பழக்கியபின் நினைவு திரும்பியது. ஆனால், பிறகு அறைக்குள் கொஞ்சம் தண்ணீர் வழிந்து வந்ததைப் பார்த்ததும் ஒரு நாய் மறுபடி நடுங்கிப்போனது. பயம் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது, பார்த்தீர்களா?

அந்த நாய்கள் தாமாக விரும்பி ஆய்வகத்துக்கு வரவில்லை. பல நாய்கள் துன்பப்பட்டன, உயிரையும் விட்டன. பாவ்லோவ் அதை மறக்கவில்லை. அவருடைய விருப்பப்படி, 1935-இல் ஆய்வு நிலையத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு சிலை வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1936 பிப்ரவரி 27-ஆம் நாள், நிமோனியா காய்ச்சலால் 86-ஆவது வயதில் பாவ்லோவ் காலமானார்.

சரி, உங்கள் நாய்க்கு 'இரு' என்பதை எப்படிக் கற்றுத் தருவது? செய்த செயலுக்கு நல்ல பலன் கிடைத்தால் விலங்கு அதையே மீண்டும் செய்யும் என்று அமெரிக்காவின் தார்ன்டைக் 1898-இல் காட்டினார். அதையும் பாவ்லோவின் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் இல்லாத இடத்தில் நாயை உட்கார வையுங்கள். உள்ளங்கையைக் காட்டி 'இரு' என்று ஒரே முறை சொல்லுங்கள். இரண்டு விநாடி இருந்தாலே, அது இருந்த இடத்துக்கே போய்ப் பிஸ்கட் துண்டு கொடுங்கள். பிறகு 'போ' என்று விடுதலை கொடுங்கள். இரண்டு விநாடி ஐந்தாகட்டும், ஐந்து பத்தாகட்டும். நேரம் கூடியபின் ஓரடி தள்ளி நில்லுங்கள். தூரமும் பழகியபின், மற்றவர்கள் நடமாடும் இடத்தில் முயலுங்கள். மூன்றையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள்.

நாய் எழுந்து வந்துவிட்டதா? அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். பாடம் கடினமாகிவிட்டது என்று பொருள். ஒரு படி கீழே இறங்கி, மறுபடி தொடங்குங்கள். வீட்டில் வளரும் நாய்க்கு மட்டும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கற்றுக்கொடுங்கள். தெரு நாய்களிடம் இந்த விளையாட்டு வேண்டாம்.

கேட் திறந்திருக்கிறது. வெளியே லாரி வருகிறது. அந்த நேரத்தில் 'இரு' என்ற ஒரே சொல் உங்கள் செல்லத்தின் உயிரைக் காப்பாற்றும். அதற்காகத் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்க மாட்டீர்களா, குழந்தைகளே?